ஜேனா, குட் நியூஸா?

அமெரிக்கக் கல்லூரி வாழ்க்கையைச் சொல்லும் பழைய இசை நகைச்சுவை நாடகங்களில் இரண்டு முக்கியமானவை: 1917இல் வந்த 'லீவ் இட் டு ஜேன்', 1927இல் வந்த 'குட் நியூஸ்'. இரண்டிலுமே கதை அமெரிக்கக் கால்பந்தாட்டத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது.

முதலாவதில் ஆட்வாட்டர் கல்லூரித் தலைவரின் மகள் ஜேன், எதிரணிக்குப் போகவிருந்த ஆட்டக்காரன் பில்லியைப் பேசி மயக்கித் தன் கல்லூரிக்காக ஆடவைக்கிறாள். கதையை நகர்த்துபவள் அவள்தான். இரண்டாவதில் நட்சத்திர வீரன் டாம், வானியல் தேர்வில் தேறினால்தான் களமிறங்க முடியும். அவனுக்குப் பாடம் சொல்லித்தரும் கோனி அருமையான பாத்திரம். ஆனாலும் கதை டாமின் கவலையாகவே நிற்கிறது.

இசையில் என் ஓட்டு ஜேனுக்கே. ஜெரோம் கெர்னின் மெட்டுகள் பாத்திரத்தின் குணத்தோடு ஒட்டிப் பிறக்கின்றன. விடுதிப் பணிப்பெண் ஃப்ளோரா கிளியோபாட்ராவைப் பற்றிப் பாடும் பாட்டில், பாடல்களை எழுதிய உட்ஹவுஸின் குறும்பு வரிக்கு வரி துள்ளுகிறது. 1959இல் நியூயார்க்கின் சிறிய அரங்கொன்றில் மீண்டும் மேடையேறியபோது, முதல் ஓட்டத்தைவிடப் பல மடங்கு காட்சிகள் ஓடியது.

நடனத்தில் குட் நியூஸை மிஞ்ச முடியாது. 'வார்சிட்டி டிராக்' என்ற நடனப் பாட்டு தொடங்கினால் மேடையே குதிக்கும். நாடகம், நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட காட்சிகள் கண்டது. இருமுறை திரைப்படமும் ஆனது. கல்லூரி ஆண்டு விழாவுக்கு, ஆடத் தெரிந்த கூட்டம் கையில் இருந்தால் இதையே எடுங்கள். பாடத் தெரிந்த, துடுக்கான நடிகை ஒருத்தி கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், ஜேன்தான்.