தீர்ப்புக்குப் பிறகு நாடிய ஒரு வழக்கறிஞர் அலுவலகம்: எங்கள் அனுபவம்

என் தாயாரின் பாகப்பிரிவினை வழக்கில் சார்பு நீதிமன்றம் முதல்நிலைத் தீர்ப்பாணை (யாருக்கு எவ்வளவு பங்கு என்று முடிவுசெய்யும் ஆணை) வழங்கிய பதினெட்டாம் நாள், மதுரையில் உள்ள ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்குச் சென்றோம். வழக்கறிஞர்கள் விளம்பரம் தேடக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே பெயரைக் குறிப்பிடாமல், பெற்ற சேவையை மட்டும் எழுதுகிறேன்.

அதற்கு முன்பு வேறோர் இடத்தில், "அதே நீதிபதியிடம் மறு ஆய்வு மனு போட்டால் தீர்ப்பையே மாற்றி வாங்கிவிடலாம்" என்று உறுதி கூறி 15,000 ரூபாய் முன்பணம் பெற்றிருந்தார்கள். இங்கே மூத்த வழக்கறிஞர் தீர்ப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரை எங்கள் முன்னாலேயே படித்துவிட்டு, எங்கள் குறைகள் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்தார்.

முதலாவது, சொத்து தபசிலில், அதாவது சொத்து விவரப் பட்டியலில், புல எண் 214/3 என்பது 241/3 என்று அச்சாகியிருந்தது. இது கைப்பிழை என்பதால், உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் 152ஆம் பிரிவின்கீழ் அதே நீதிமன்றம் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்றார். இரண்டாவது, என் மாமா தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரத்தை நீதிபதி ஏற்காததால் தாயாரின் பங்கு நான்கில் ஒன்றுக்குப் பதிலாக ஐந்தில் ஒன்றாகக் குறைந்திருந்தது. "நீதிபதி சாட்சியத்தை எடைபோட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். அந்த முடிவு தவறாகவே இருந்தாலும், அதைச் சரிசெய்ய வேண்டியது மேல் நீதிமன்றம்தான். நீண்ட வாதம் செய்துதான் காட்ட முடியும் என்றால், அது மறு ஆய்வுக்குத் தேவையான, பார்த்த மாத்திரத்தில் தெரியும் பிழை ஆகாது" என்று அவர் சொன்னபோதுதான், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது மறு ஆய்வு என்ற பெயரில் ஒரு மேல்முறையீட்டை என்பது எங்களுக்குப் புரிந்தது.

மூன்றாவது, தீர்ப்புக்குப் பிறகு கிடைத்த பழைய வரி ரசீதுகள். புதிய சான்று கிடைப்பது மறு ஆய்வுக்கு ஒரு காரணம் என்று அதே சட்டத்தின் கட்டளை 47 விதி 1 கூறுவதால், நாங்கள் பெரிதும் நம்பியிருந்தது இவற்றைத்தான். "இவை இத்தனை நாள் எங்கே இருந்தன, அம்மா?" என்று அவர் கேட்டார். வீட்டுப் பெட்டியில் என்றார் தாயார். உரிய முயற்சி எடுத்தும் முன்பு கிடைக்காத சான்றாக இருந்தால்தான் அந்த விதி உதவும் என்று அவர் கடுமையின்றி, ஆனால் ஒளிவுமறைவின்றி விளக்கினார். தாயாருக்கு அந்தப் பதில் வலித்தது. இருந்தாலும் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

நாட்கணக்கையும் அவரே எச்சரித்தார். மறு ஆய்வுக்கும், மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கும் காலவரம்பு 30 நாட்களே. தீர்ப்பின் சான்று நகல் பெற ஆகும் காலம் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. மறு ஆய்வு மனு தள்ளுபடியானால் அந்த உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. அதற்குள் மூலத் தீர்ப்புக்கு எதிரான கெடுவும் கடந்துவிடக்கூடும். உச்ச நீதிமன்றம்கூட அரசமைப்புச் சட்டம் 137ஆம் உறுப்பின்கீழ் வரும் மறு ஆய்வு மனுக்களைப் பெரும்பாலும் வாதமின்றி நீதிபதிகளின் அறையிலேயே முடித்துவிடுகிறது என்பதையும் குறிப்பிட்டார்.

ஆலோசனைக் கட்டணம் 1,000 ரூபாய். கேட்காமலேயே ரசீது தந்தார்கள். குறை என்றால், முன்கூட்டியே நேரம் வாங்கியிருந்தும் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். முதியவர்களை அழைத்துச் செல்வோருக்கு அந்தக் குறுகலான மாடிப்படியும் சிரமம். சொன்னவற்றை எழுத்திலும் தந்திருந்தால் இன்னும் உதவியாக இருந்திருக்கும்.

புல எண் திருத்த மனு ஏற்கப்பட்டுவிட்டது. மேல்முறையீடு 27ஆம் நாள் தாக்கலாகி நிலுவையில் உள்ளது. முன்பணம் இன்னும் திரும்பி வரவில்லை.