வேட்டைக்கு எந்த வில்: ரிகர்வா, காம்பவுண்டா?

சட்டம் அனுமதிக்கும் இடங்களில் வில்லுடன் மான் வேட்டைக்குச் செல்ல விரும்புபவர் முதலில் எண்ண வேண்டியது அம்பின் வேகத்தையோ வில்லின் அழகையோ அல்ல. எய்யும் முதல் அம்பே இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதியில் பாயுமா என்பதைத்தான். அம்பு தன் கூரிய அலகுகளால் இரத்தநாளங்களை அறுத்து, இரத்த இழப்பால் கொல்கிறது. குறி ஒரு சாண் விலகினால், விலங்கு நெடுநேரம் துன்புற்று எங்கோ ஒரு புதரில் மடியக்கூடும்.

இந்த அளவுகோலில் பார்த்தால் இரு வில்களுக்கும் இடையிலான வேறுபாடு பெரியது. முனைகள் எய்பவருக்கு எதிர்ப்பக்கமாக வளைந்திருக்கும் வில்லே ரிகர்வ். 50 பவுண்டு இழுவிசை கொண்ட ரிகர்வ் வில்லை முழுதாக இழுத்துப் பிடித்திருக்கும்வரை அந்த 50 பவுண்டையும் விரல்களே தாங்க வேண்டும். சில நொடிகளில் தோள் நடுங்கத் தொடங்கும். 1960-களில் அமெரிக்கரான ஹாலஸ் வில்பர் ஆலன் உருவாக்கிய காம்பவுண்ட் வில்லிலோ, முனைகளில் உள்ள சக்கரங்கள் சுழன்று முடியும்போது சுமை பெருமளவு குறைந்துவிடுகிறது. எண்பது விழுக்காடு குறையும் 60 பவுண்டு வில்லில் கை தாங்குவது 12 பவுண்டு மட்டுமே. மரத்தின் பின்னே மறைந்த மான் வெளிப்படும்வரை நாணை இழுத்தபடியே காத்திருக்க இது இடம் தருகிறது.

தூரத்தைக் கணிப்பதில் நேரும் பிழையே இன்னும் முக்கியமானது. ரிகர்வ் அம்பு நொடிக்கு 55 மீட்டரும் காம்பவுண்ட் அம்பு 90 மீட்டரும் செல்வதாகக் கொள்வோம். 25 மீட்டரில் நிற்கும் மானை 20 மீட்டர் என்று கருதி எய்தால், காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாமலே, ரிகர்வ் அம்பு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் தாழ்வாகப் போகும்; காம்பவுண்ட் அம்பு 8 சென்டிமீட்டர்தான் தாழும். மானின் உயிர்நிலைப் பகுதி சுமார் 20 சென்டிமீட்டர் அகலமே உடையது என்பதால், அதன் நடுவைக் குறிவைத்தவருக்கு முதற்பிழை காயத்தில் முடியும். இரண்டாவது பிழையைப் பொறுத்துக்கொள்ள இடமுண்டு. நாணின் ஒலி அம்பை முந்திச் சென்று மானை எட்டுவதால், அது திடுக்கிட்டு உடலைத் தாழ்த்தும் கால அவகாசமும் மெதுவான அம்புக்கே அதிகம்.

ரிகர்வ் வில்லுக்கும் தனிச் சிறப்புகள் உண்டு. எடை குறைவு, பழுதடையும் பாகங்கள் குறைவு. நாண் அறுந்தால் காட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். காம்பவுண்டில் அந்த வேலைக்குப் பெரும்பாலும் வில்லை அழுத்திப் பிடிக்கும் தனிக் கருவி வேண்டும். அடர்ந்த புதரில், மிக அருகில், சட்டென்று எய்ய ரிகர்வே கைக்கு இசைவானது. விலங்கை அவ்வளவு நெருங்கக் கற்பதே வேட்டையின் உயர்ந்த கலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குறுக்கு வில்லை இங்கே விரிவாகப் பேசவில்லை. அதை இழுத்துப் பூட்டியபின் எய்யும் முறை துப்பாக்கிக்கே நெருக்கமானது.

புதியவருக்கு நான் காம்பவுண்டையே பரிந்துரைப்பேன். ரிகர்வ் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர், விலங்கு வடிவ நுரை இலக்குகளில் ஆண்டு முழுவதும் பயின்று, ஒவ்வொரு நாளும் எய்யும் முதல் அம்பு தவறாமல் உயிர்நிலையில் பாயும் தூரத்தைக் கண்டறிந்து, அது 15 மீட்டரே ஆனாலும் அதற்கு அப்பால் நிற்கும் மானைப் போகவிட வேண்டும்.