கரெட் ஏஸ் 250: உப்புத் தண்ணீர் பட்டால் உளறும் கருவி

இங்கிலாந்தில் புதிதாக மெட்டல் டிடெக்டர் வாங்கியவர்களில் பலர் முதலில் ஓடுவது கடற்கரைக்குத்தான். வயலில் இறங்குவதென்றால் நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். கிரவுன் எஸ்டேட்டுக்கு (அரச நிலங்களை நிர்வகிக்கும் அமைப்பு) சொந்தமான கரையிலோ, அலை ஏறி வற்றும் பகுதியில் தேடத் தனி அனுமதி தேவையில்லை. அங்கே கரெட் நிறுவனத்தின் தொடக்கநிலை மெட்டல் டிடெக்டரான ஏஸ் 250-ஐ எடுத்துக்கொண்டு போனால் நாள் பாழாகும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். காய்ந்த மணலில் ஒழுங்காக இருந்த கருவி, ஈர மணலுக்குள் போனதும் இடைவிடாமல் அலறத் தொடங்கும். தோண்டினால் ஒன்றும் இருக்காது. ஓரடி தள்ளி மறுபடி அலறும், அங்கும் ஒன்றும் இருக்காது. மாலைக்குள் "கருவி பழுது, திருப்பி அனுப்பிவிடலாம்" என்ற பேச்சு வந்துவிடும். பழுதெல்லாம் இல்லை. அதன் குணமே அதுதான்.

ஏஸ் 250 ஒரே அதிர்வெண்ணில் வேலை செய்கிறது: 6.5 கிலோஹெர்ட்ஸ். மண்ணின் தன்மையைக் கழித்துப் பார்க்கும் அளவும் தொழிற்சாலையிலேயே நிலையாக வைக்கப்பட்டது. பயன்படுத்துகிறவர் அதை மாற்றப் பொத்தானோ திருகோ கிடையாது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். அதில் ஊறிய மணல், தண்டின் நுனியில் உள்ள தேடும் தட்டான காயிலின் கண்ணுக்குப் பரந்து விரித்த வெள்ளித்தாள் போலத் தெரிகிறது. வீச்சின் முனையில் காயில் இரண்டு விரற்கடை மேலே தூக்கிவிட்டாலோ, மணலில் ஒரு சிறு குழி குறுக்கிட்டாலோ அந்தச் சிக்னல் கூடிக் குறைகிறது. கருவி அதை உலோகம் என்று எண்ணிக் கத்துகிறது.

சென்சிட்டிவிட்டியை (உணர்திறனை) குறைத்தால் சத்தம் அடங்கும், உண்மைதான். எட்டுப் படிகளில் இரண்டு மூன்றுக்கு இறக்கி, காயிலை மணலுக்கு மேலே ஒரே உயரத்தில் பிடித்து மெதுவாக வீசினால் ஓரளவு பேச்சைக் கேட்கும். ஆனால் அந்த நிலையில் ஆழத்தில் கிடப்பது எதுவும் அதற்குத் தெரியாது. ஈர மணலில் கனமான பொருள்கள் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். ஆக, ஆழம் எங்கே வேண்டுமோ அங்கேயே ஆழத்தை விட்டுக்கொடுக்கிறோம். திரையில் உலோக வகையைக் காட்டும் கட்டங்களில் வெள்ளித்தாளுக்குரியதை அணைத்துவிட்டுச் சத்தத்தை நிறுத்துகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசமான வழி. மெல்லிய தங்க மோதிரமும் சங்கிலியும் அதே கட்டத்தில்தான் விழும்.

கத்துவது உப்பாலா, வேறு காரணத்தாலா என்று கண்டுபிடிப்பது எளிது. காயிலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி அசையாமல் பிடியுங்கள். அமைதியானால் குற்றம் மணலில். தூக்கிய பிறகும் கத்தினால் அருகில் மின்கம்பியோ, சட்டைப்பையில் கைபேசியோ, அதே அதிர்வெண்ணில் தேடும் இன்னொருவரோ இருக்கலாம். தண்டை லேசாகத் தட்டும்போது மட்டும் கத்தினால், காயில் கேபிள் தளர்வாகத் தொங்குகிறது. தண்டோடு இறுகச் சுற்ற வேண்டும். இரும்பு முனை வைத்த பூட்ஸும் இதே வேலையைச் செய்யும். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள்.

காய்ந்த மணலில் கதை வேறு. துண்டு விரித்துப் படுக்கும் மேல் பகுதியில் ஏஸ் 250 நல்ல கருவி, சந்தேகமே வேண்டாம். எடை 1.2 கிலோதான், நான்கு ஏஏ பேட்டரி போதும். 6.5க்கு 9 அங்குல முட்டை வடிவக் காயில் குப்பைக்கு நடுவே கிடக்கும் காசைப் பிரித்துக் காட்டும். புதைந்த இடத்தைத் துல்லியமாகக் காட்டும் பின்பாயின்ட் பொத்தானை அழுத்தியபடி காயிலைக் குறுக்கும் நெடுக்கும் நகர்த்தினால் இடம் கைப்பிடிக்குள் வந்துவிடும். ஒலிக்கட்டுப்பாடு வைக்காமல் விட்டது மட்டும் எரிச்சல். கால் அங்குல ஹெட்போன் துளை உண்டு. ஒலியைக் குறைக்கும் திருகு ஹெட்போனிலேயே இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் கருவியின் மணியோசை காதைத் துளைத்துவிடும்.

அடுத்த ஏமாற்றம் காசு தேடுவதற்கான 'காயின்ஸ்' மோடில் காத்திருக்கிறது. பெயரைப் பார்த்துப் புதியவர்கள் அதைத்தான் தட்டுகிறார்கள். திரையின் மேலுள்ள அளவுகோல் அமெரிக்கக் காசுகளுக்காகப் போடப்பட்டது. பிரிட்டிஷ் சில்லறை அதில் ஒழுங்காக உட்காராது. 1992 முதல் வந்த 1 பென்னி, 2 பென்ஸ் காசுகள் செம்பு பூசிய எஃகு. 2012 முதல் 5, 10 பென்ஸ் காசுகளும் நிக்கல் பூசிய எஃகு. எனவே இரும்பை ஒதுக்கச் சொன்ன கருவி இவற்றில் சிலவற்றின் மேல் திக்கும், சிலவற்றைப் பேசாமல் தாண்டும். இது பெரிய இழப்பில்லை. காசு மதிப்பைக் கூட்டினால் ஒரு தேநீருக்கு வந்தால் அதிகம். வலிப்பது வேறொன்று. இந்த மோட் குளிர்பான டின்னின் இழுப்பு வளையத்தை ஒதுக்குகிறது. தங்க மோதிரத்தின் கடத்துத்திறன், அதன் கனத்தையும் கேரட்டையும் பொறுத்து, வெள்ளித்தாளிலிருந்து இழுப்பு வளையம் வரை எங்கு வேண்டுமானாலும் விழும். ஏஸ் 250-இல் அந்த முழு அளவுகோலுக்கும் பன்னிரண்டே கட்டங்கள். வளையத்தை வேண்டாமென்றால் மோதிரத்தையும் வேண்டாமென்று சொன்னதாகிறது. கடற்கரையில் நகைக்கான 'ஜுவல்ரி' மோட் வைத்து, நடுத்தர ஒலி வரும் இடத்தையெல்லாம் தோண்டுவதைத் தவிர வழியில்லை. ஒரு மோதிரத்துக்கு முன் எத்தனை வளையம் வரும் என்று எண்ணத் தொடங்கினால் பொறுமை போய்விடும்.

திரையில் 2, 4, 6, 8 அங்குலம் என்று காட்டும் ஆழமும் காசு அளவுப் பொருளுக்கு மட்டுமே பொருந்தும். நசுங்கிய டின் ஒன்று ஓரடி ஆழத்தில் கிடந்தாலும் மேலே கிடக்கும் காசு போலக் காட்டும். காயிலை அரையடி தூக்கிப் பாருங்கள். அப்போதும் ஒலி குறையவில்லையென்றால் அது காசில்லை.

ஈர மணல்தான் வேண்டுமென்பவர்கள் இதை வாங்க வேண்டாம். அதே தொடக்கநிலைப் பிரிவில் மைன்லேப் வான்குவிஷ் 340 இருக்கிறது, 2019-இல் வந்தது. ஒரே சமயத்தில் பல அதிர்வெண்களை அனுப்பி, உப்பு ஒவ்வொன்றுக்கும் தரும் பதிலை ஒப்பிட்டுக் கழித்துவிடுகிறது. மண்ணின் தன்மையைக் கழிப்பதையும் தானே பார்த்துக்கொள்ளும். பின்பாயின்ட் போன்ற சௌகரியங்கள் இதில் இல்லாவிட்டாலும், ஈர மணலில் அமைதியாக இருக்கிறதே, அது போதும். பல்ஸ் இண்டக்‌ஷன் வகைக் கருவிகளுக்கும் (மின்துடிப்புகளை அனுப்பித் தேடுபவை) உப்பு பொருட்டில்லை, ஆழமும் கூடுதல். ஆனால் கொண்டை ஊசிக்கும் மோதிரத்துக்கும் வித்தியாசம் சொல்லாது. பிள்ளைகளோடு போகும் ஞாயிற்றுக்கிழமைக்கு அது தோதுப்படாது. ஏஸ் 250, வான்குவிஷ் இரண்டிலும் காயில் மட்டுமே தண்ணீர் தாங்கும். மேலே இருக்கும் பெட்டிமேல் ஓர் அலை அடித்தால் கதை முடிந்தது.

எந்தக் கருவியானாலும், அலை முழுதாக வற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இறங்கி, தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்கக் கூடவே போய், திரும்பும்போது மேலேறிவிடுவது முறை. காய்ந்த மணலுக்குப் பிளாஸ்டிக் சல்லடைக் கரண்டி போதும். ஈரத்தில் அது உடையும், நீள்கைப்பிடி வைத்த எஃகுக் கரண்டி வேண்டும். பிரைட்டன் மாதிரிக் கூழாங்கல் கரைகளைத் தவிர்த்துவிடலாம். காசு கல்லிடுக்கில் நழுவிக் கீழே போய்க்கொண்டே இருக்கும், கரண்டியும் இறங்காது. தோண்டிய குழியை மூடாமல் போவது அநியாயம். யாராவது குழந்தை கால் மடங்கி விழும்.

கிடைத்ததைப் பையில் போட்டுக்கொண்டு வருவதிலும் சட்டம் இருக்கிறது. 300 வருடத்துக்கு மேல் பழையதும் 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ கலந்ததுமான அணிகலன் போன்ற பொருள், 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் அந்த வட்டாரத்துக் கொரோனருக்கு (புதையலையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டியது. கப்பலிலிருந்து வந்ததாகத் தெரிந்தால் 28 நாளுக்குள், கப்பல் சிதைவுப் பொருள்களைக் கவனிக்கும் 'ரிசீவர் ஆஃப் ரெக்' அலுவலகத்துக்கு. போர்க்காலக் குண்டு போலத் தெரிந்தால் தொடவே வேண்டாம். விலகி நின்று 999-ஐ அழைத்துக் கடலோரக் காவலைக் கேளுங்கள். புது மோதிரத்துக்கும் சொந்தக்காரர் இருப்பார். தேடிப்பார்க்க முயலாமல் வைத்துக்கொள்வது திருட்டாகக் கருதப்படலாம்.

வீட்டுக்கு வந்ததும் காயிலின் அடிமூடியைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுங்கள். உள்ளே சிக்கிய உப்பு மணல் அடுத்த முறை பூங்காவில் கூட கருவியைக் கத்த வைக்கும். தண்டின் பூட்டுப் பொத்தான்களிலும் மணல் இருக்கும். மேற்பெட்டியை ஈரத்துணியால் துடைத்தால் போதும், குழாயடியில் காட்டிவிடாதீர்கள்.