மாத்திரைச் சீட்டை முதலில் கேட்ட தூக்க ஆய்வகம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து என் தந்தையாரை இரவுத் தூக்கப் பரிசோதனைக்காகப் புதுச்சேரியிலுள்ள ஒரு தனியார் தூக்க ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்றோம். மனச்சோர்வுக்காகச் செர்ட்ராலின் சாப்பிட்டு வரும் அவர், சில மாதங்களாக விடியற்காலையில் உறக்கத்திலேயே கத்தவும் கையை வீசவும் தொடங்கியிருந்தார். இதற்கு முன் காட்டிய இடத்தில், வயதானால் அப்படித்தான் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்களே தவிர, வேறென்ன சாப்பிடுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இங்கே முதல் கேள்வியே அதுதான். பரிசோதனை சரியாக அமையட்டும் என்று அப்பா தாமாகவே இரண்டு நாளாகச் செர்ட்ராலின் மாத்திரையை நிறுத்தியிருப்பது தெரிந்ததும், மருத்துவர் அன்றைய பதிவைத் தள்ளிவைத்துவிட்டார். வீண் அலைச்சல் என்று அப்போது வருந்தினேன். ஆனால் அவர் சொன்ன காரணம் அந்த வருத்தத்தைப் போக்கியது. கனவு மிகுந்த ரெம் தூக்கத்தின்போது மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களுள் அசிட்டைல்கொலின் ஓங்கியிருக்க, செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற வேறு இரண்டை வெளியிடும் நரம்பணுக்கள் ஏறத்தாழ ஓய்ந்துவிடுகின்றன. செர்ட்ராலின் செரட்டோனினைக் குறையவிடாமல் வைத்திருப்பதால், உறங்கி ஏறக்குறைய 90 நிமிடங்களில் வரவேண்டிய ரெம் தாமதமாகிறது, அதன் அளவும் குறைகிறது. மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த ரெம் பெருகிவந்து கனவுகள் கடுமையாகும். அந்த இரவின் பதிவு அவருடைய வழக்கமான இரவைக் காட்டாது. மதுவும் முன்னிரவில் ரெமைக் குறைத்துப் பின்னிரவில் கூட்டும் என்பதால் அதையும் விசாரித்தார்கள்.

மருந்து எழுதிய மருத்துவரின் ஆலோசனைப்படி மாத்திரையை மீண்டும் தொடங்கி, சில வாரங்கள் கழித்துச் சென்றோம். தலை, கண்ணோரம், மோவாய், கால் என்று ஒவ்வொரு மின்முனையையும் பொறுமையாக ஒட்டினார்கள். மோவாய்க் கம்பிதான் முக்கியமானதாம்: ரெம்மில் தளர்ந்திருக்க வேண்டிய தசை அப்பாவுக்கு இறுகியே இருந்தது. அதனால்தான் கனவில் செய்வதை அவர் உடலும் செய்துவிடுகிறது; இதற்கு ரெம் தூக்க நடத்தைக் கோளாறு என்று பெயர். 1986-இல் அமெரிக்காவில் முறையாக விவரிக்கப்பட்ட இந்தக் கோளாறை மனச்சோர்வு மருந்துகளும் தூண்டக்கூடும். முதியவர்களுக்குச் சில வேளைகளில் பார்க்கின்சன் நோயின் முன்னறிகுறியாகவும் அமையும். இதை மறைக்காமலும் பயமுறுத்தாமலும் சொன்ன பக்குவத்தை மனமாரப் பாராட்டுகிறேன். மருந்தை மாற்றலாமா என்று மனநல மருத்துவருக்குக் கடிதம் கொடுத்ததோடு, கட்டிலருகே இருக்கும் கண்ணாடி மேசையை அன்றே அகற்றச் சொன்னார்கள்.

குறைகளும் உண்டு. அறிக்கை முழுவதும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளாக இருந்ததால் விளக்கம் கேட்கவே மறுபடி ஒரு நாள் போக வேண்டியதாயிற்று. துணைக்கு வருபவருக்கு ஒரு நாற்காலி மட்டுமே. அறையின் குளிர் முதியவர்களுக்கு அதிகம். ஆனால் கட்டண விவரத்தை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள்.

போகிறவர்கள் ரத்த அழுத்த மாத்திரை உட்பட எல்லா அட்டைகளையும், எந்த வேளையில் சாப்பிடுகிறார்கள் என்ற குறிப்போடு எடுத்துச் செல்லுங்கள். எதையும் நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.