புதுக் கல்லூரி, புது மாணவர்கள்: ஆங்கில வகுப்பை எந்த வழியில் நடத்துவது?

பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்த ஒருவர் அரசு கலைக் கல்லூரிக்குக் கௌரவ விரிவுரையாளராகப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பி.காம்., பி.ஏ. வரலாறு, பி.எஸ்சி. கணிதம் என எந்த வகுப்புக்குள் நுழைந்தாலும் அவருக்குப் பகுதி 2 ஆங்கிலம்தான், அதாவது எல்லாத் துறை மாணவர்களுக்கும் பொதுவான ஆங்கிலப் பாடம். மாணவர்களில் பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. "சார், தமிழ்ல சொல்லுங்க சார்" என்று முதல் நாளே பின்பெஞ்சிலிருந்து குரல் வரும். சொல்வதா, வேண்டாமா? இதே மாற்றத்தைப் பார்த்தவன் என்ற முறையில், நம் கையில் இருக்கும் வழிகளை எடைபோட்டுப் பார்க்கிறேன்.

நம் கல்லூரிகளில் அதிகம் நடப்பது வரிக்கு வரி தமிழில் விளக்குவதுதான். பாடத்தை வாசித்து, அர்த்தம் சொல்லி, கடைசியில் நோட்ஸ் கொடுத்துவிடுவது. இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. வகுப்பு அமைதியாக இருக்கும், கதை புரியும், அரியர் குறையும். துறைத்தலைவருக்கும் நிம்மதி. ஆனால் செமஸ்டர் முடிவில் பாருங்கள்: சிறுகதையைத் தமிழில் அழகாகச் சொல்லும் மாணவர், நாளைக்கு லீவு வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் கைடில் இருக்கும் கடிதத்தை அச்சுப்பிசகாமல் எழுதித் தருவார். அனுப்புநர் பெயர் 'எக்ஸ் ஒய் இசட்' என்றே இருக்கும். ஊர்ப் பெயரும் அதேதான்.

இதற்கு நேர் எதிர், ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழியே வகுப்பில் கூடாது என்பது. மேக்சிமிலியன் பெர்லிட்ஸ் 1878-ல் அமெரிக்காவின் ப்ராவிடென்ஸ் நகரில் பள்ளி தொடங்கி இந்த முறையைப் பிரபலமாக்கினார். அங்கே படித்தவர்கள் காசு கொடுத்து, தாமே விரும்பி, சின்னச் சின்னக் குழுவாக வந்தவர்கள். நம் வகுப்பில் அறுபது பேர். ஆங்கிலவழியில் படித்த பத்துப் பேர் பதில் சொல்வார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஆசிரியருக்கோ பாடம் ஓடுவது போலவே இருக்கும். அதுதான் இதில் ஆபத்து.

பொறியியல் கல்லூரி என்றால் இது செல்லுபடியாகும் என்பதும் பழைய கணக்கு. அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் வந்துவிட்டது. ஆக, கலைக் கல்லூரியிலிருந்து பொறியியல் கல்லூரிக்கு எதிர்த் திசையில் மாறுகிறவருக்கும் கலவையான வகுப்புதான் காத்திருக்கிறது.

மூன்றாவது வழி நம் பக்கத்திலேயே பிறந்தது. ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் என்று தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திப் பார்த்த திட்டம் அது. இலக்கணத்தை வரிசையாக நடத்தாமல், யோசித்துத் தீர்க்கவேண்டிய ஒரு வேலையைக் கொடுப்பார்கள். உதாரணத்துக்கு ஒரு ரயில் கால அட்டவணை: பத்து மணிக்கு நேர்காணல், ஸ்டேஷனிலிருந்து அரை மணி நேரம் நடக்கவேண்டும், எந்த வண்டியில் ஏறலாம்? அதேபோன்ற ஒரு கணக்கை ஆசிரியர் முதலில் முழு வகுப்போடும் கேள்வி பதிலாகப் போடுவார். அப்புறம் அடுத்ததை ஒவ்வொருவரும் தனியாகச் செய்யவேண்டும். குழுவாகப் பிரிக்கவேண்டியதில்லை என்பது, நகர்த்த முடியாத நீள பெஞ்சுகளில் அறுபது பேரை வைத்துக்கொண்டிருக்கும் நமக்குப் பெரிய சௌகரியம்.

எனக்கு இதில் பிடித்தது அவர்கள் வைத்திருந்த அளவுகோல். வகுப்பில் பாதிப் பேராவது வேலையில் பாதியையாவது சரியாகச் செய்தால் பாடத்தின் கடினம் சரி. இல்லையென்றால் அடுத்ததை எளிதாக்கு. புது மாணவர்களின் தரம் தெரியாமல் திணறுகிறவருக்கு இது ரொம்பவே உதவும். பிளஸ் டூ மார்க்கைக் கேட்பதைவிட இரண்டு கால அட்டவணைக் கணக்குகள் அதிகம் சொல்லும்.

குறை இல்லாமலில்லை. ஒவ்வொரு வாரமும் புதிதாகத் தயாரிக்கவேண்டும். பல்கலைக்கழகத் தேர்வு கால அட்டவணையைக் கேட்காது, கட்டுரை வினாதான் கேட்கும். பிரபுவின் திட்டத்தை 1985-ல் மதிப்பிட்டபோதும், எந்த வகுப்பு எப்படிப் பழகியதோ அந்த வகைத் தேர்வில் அது நன்றாகச் செய்தது என்றுதான் பெரும்பாலும் தெரிந்தது.

நான்காவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேல்ஸ் நாட்டில் சி. ஜே. டாட்சன் 1967-ல் முன்வைத்த இருமொழி முறை: ஆங்கில வாக்கியம், உடனே அதன் தமிழ், மறுபடி அதே ஆங்கில வாக்கியம். தமிழை ஆசிரியர் மட்டும் பயன்படுத்துவார், அதுவும் அந்த ஒரு நொடிக்குத்தான். பின்பெஞ்சு கேட்டதும் இதைத்தான், பாடம் முழுவதையும் தமிழில் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தனியாக ஒரு செமஸ்டரை இழுக்க இது போதாது; மற்ற முறைகளோடு சேர்ந்தால் நன்றாக வேலை செய்யும்.

என் தேர்வு, அரசு கலைக் கல்லூரிக்குப் புதிதாகப் போகிறவருக்கு: பிரபுவின் வழி முதுகெலும்பு, புதுச் சொல் வரும் இடத்தில் டாட்சன். வரிக்கு வரி விளக்கத்தைச் செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கு ஒதுக்கிவையுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலம் மட்டும் என்ற விதியை முதல் ஆண்டில் தொடவேண்டாம். ஆங்கிலவழி மாணவர்கள் சலித்துப்போவார்களே என்றால், அதே கால அட்டவணையை வைத்து அவர்களைப் புதுக் கேள்வி தயாரிக்கச் சொல்லலாம். அந்தக் கேள்வி அடுத்த நாள் வகுப்புக்கும் ஆகும்.

எல்லாருக்கும் பொருந்தும் ஒரே சிறந்த முறை கிடையாது என்று பிரபுவே 1990-ல் கட்டுரை எழுதினார். அதனால் துறையில் யாரோடும் சண்டைக்குப் போகவேண்டாம். வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் கிடைத்தால் இரண்டை இப்படிப்பட்ட வேலைகளுக்கு எடுத்துக்கொண்டு, மீதியில் மற்ற பிரிவுகளோடு சேர்ந்தே பாடத்தை முடித்துவிடலாம். இன்டர்னல் தேர்வு வினாத்தாள் உங்கள் கையில் இருந்தால் அதில் ஒரு கால அட்டவணைக் கேள்வியையும் நுழைத்துவிடுங்கள். மார்க் இருக்கிறது என்று தெரிந்தால்தான் வகுப்பு அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளும்.