சுங்கை சிப்புட்: தேவாலய வளாகத்துப் பழைய பொருட்கள் கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் ஒரு தேவாலய வளாகத்தில் இயங்கும் இக்கடையின் வருமானம், கென்யாவின் வடமேற்கே வறண்ட துர்க்கானா பகுதியிலுள்ள காக்குமா அகதி முகாமில் கத்தோலிக்கத் துறவற சபையான சலேசிய சபையினர் நடத்தும் தொழிற்பயிற்சிக்கு அனுப்பப்படுகிறது.

சூடான் உள்நாட்டுப் போரில் பெற்றோரைப் பிரிந்து, கால்நடையாகவே எல்லை கடந்து வந்த சிறுவர்களுக்குப் புகலிடமாக அம்முகாம் 1992இல் அமைந்தது. அகதிகள் விரும்பிய ஊருக்குச் செல்லவும் வேலை தேடவும் அங்கே கடும் கட்டுப்பாடுகள் இருப்பதால், பெரும்பாலோர் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்தின் பங்கீட்டையே நம்பி வாழ்கின்றனர். நிதி குறையும்போது அந்தப் பங்கீடும் குறைந்துவிடுகிறது. ஆகவே தச்சு, கொத்துவேலை, வெல்டிங், தையல் ஆகியவற்றைக் கற்றுத்தரும் இப்பணியையே, அரிசி மூட்டை அனுப்புவதைக் காட்டிலும் நான் உயர்வாக மதிக்கிறேன். பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்ற தோட்டத் துண்டாடலில் வீட்டையும் வேலையையும் ஒருசேர இழந்த குடும்பங்கள் வாழும் நம் ஊரில், கைத்தொழிலின் அருமையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கடையில் துணிகள் துவைத்து, அளவு வாரியாக அடுக்கப்பட்டுள்ளன. பள்ளிச் சீருடைகளும் எவர்சில்வர் பாத்திரங்களும் தோட்டத் தொழிலாளர் வாங்கக்கூடிய விலையிலேயே கிடைக்கின்றன. சமயம் பாராமல் அனைவரையும் தொண்டர்கள் வரவேற்கின்றனர். ஆனால் அனுப்பிய தொகையின் கணக்கு அறிவிப்புப் பலகையில் மிகத் தாமதமாகவே ஒட்டப்படுகிறது. நன்கொடை சார்ந்த கடைக்கு இது பெருங்குறை, உடனே திருத்தப்பட வேண்டும். ஞாயிறு திருப்பலி முடிந்த பின், நண்பகல் வரை மட்டுமே கடை திறந்திருக்கும்.