புளூ ரோபாட்டிக்ஸ் 4 அங்குல உருளையும் டி200 த்ரஸ்டரும்: எங்கள் லேப் அனுபவம்

பள்ளிக்கரணை என்.ஐ.ஓ.டி. (தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம்) நடத்தியது போன்ற மாணவர் போட்டிக்குத் தானியங்கி நீர்மூழ்கி கட்டும் பசங்க, மின்னணுப் பாகங்களைத் தண்ணீர் படாமல் வைக்கும் உருளையை வாங்குவதா, லேத் பட்டறையில் கடைவதா என்று வந்து கேட்பார்கள். உருளையை வாங்குங்கள், சட்டகத்தைப் பட்டறையில் செய்யுங்கள் என்பேன்.

கலிபோர்னியாவின் புளூ ரோபாட்டிக்ஸ் நிறுவனம் செய்யும் இந்த உருளையில் எனக்குப் பிடித்தது மூடிதான். அதிலுள்ள துளைகள் எல்லாம் ஒரே 10 மி.மீ. அளவு. கேபிள், அழுத்த சென்சார், காற்றுத் திருகு எதையும் எந்தத் துளையிலும் மாட்டலாம், மிஞ்சியதை அடைத்துவிடலாம். அந்தக் காற்றுத் திருகு வழியாகக் கைப்பம்பால் 10 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் இழுத்து 15 நிமிடம் வையுங்கள். முள் இறங்கினால் ஒழுகல் இருக்கிறது என்று மேசையிலேயே தெரிந்துவிடும். பம்பைத் தனியாக வாங்க வேண்டும், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

நீர்மூழ்கியைத் தள்ளும் விசிறி மோட்டாரான டி200 த்ரஸ்டரில், சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் ஷாஃப்ட் சீலே கிடையாது. மோட்டாருக்குள் தண்ணீர் தாராளமாகப் புகும். சுருளுக்கு எபாக்ஸி பிசின் பூச்சு, பேரிங்குக்கு அந்தத் தண்ணீரே மசகு. அதனால் காய்ந்த நிலையில் ரொம்ப நேரம் சுற்றவிடக் கூடாது. 16 வோல்ட்டில் 5 கிலோவுக்கு மேல் தள்ளும். நீச்சல்குளத்துக்கு அது அதிகம்தான்.

குறை கேபிளில் இருக்கிறது. எபாக்ஸி ஊற்றி அடைக்கும் வகையில் கேபிளும், அதை மூடியின் துளையில் பிடிக்கும் அடைப்பானும் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். வெட்லிங்க் என்ற, திருகி இறுக்கும் வகையில் எபாக்ஸி வேண்டாம், ஆனால் அதுவும் பிளக் இல்லை. ஒரு த்ரஸ்டரை மாற்ற உருளையைத் திறந்து உள்ளே வயரைப் பிரித்தாக வேண்டும். ஐஸ்லாந்தின் காவியா நீர்மூழ்கி மாதிரி, திருகிப் பூட்டினால் மின் இணைப்பும் சேர்ந்தே விழும் வசதி இங்கே இல்லை. கழற்றி மாட்டலாம் என்று விற்பவர்கள் சொன்னால், எத்தனை சால்டர் முனை என்று கேளுங்கள். தண்ணீர் புகாத பிளக்கைத் தனியாக வாங்கலாம், விலைதான் கடிக்கும்.

அப்புறம், இன்னொரு உருளை சேர்ப்பது சும்மா இல்லை. 30 செ.மீ. நீள உருளை சுமார் 3 லிட்டர் தண்ணீரைத் தள்ளும். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3 கிலோ எடை வராவிட்டால் அது மிதக்கும். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி மூக்கு தூக்காமல் சமன் செய்ய ஒரு மதியம் போய்விடும்.

ஆர்டர் போடும்போதே மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உபரியாகவும், சிலிக்கான் கிரீஸும் சேர்த்துவிடுங்கள்.